போட்டெங்: 13 கிளப்புக்கு ஆடியவரை ஊர்சுற்றி என்று ஒதுக்கிவிடலாமா?

நடுக்களம்:

நேற்று வேறொரு இழையில் ஒருவர், ஒரே கிளப்பில் ஐந்து வருடம் நிற்காத மிட்ஃபீல்டரை (நடுக்களத்தில் ஆடுபவரை) எல்லாம் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டிருப்பேன், அதற்குள் அது மெஸ்ஸி-ரொனால்டோ சண்டையாகிவிட்டது. அதனால் தனியாக இங்கே தொடங்குகிறேன்.

என் ஆள் கெவின்-பிரின்ஸ் போட்டெங். 1987-இல் மேற்கு பெர்லினில் பிறந்தவர், அப்பா கானாக்காரர், அம்மா ஜெர்மானியர். 2005-இல் ஹெர்தா பெர்லினில் தொடங்கி டாட்டன்ஹாம், டார்ட்மண்ட், போர்ட்ஸ்மவுத், ஏசி மிலான், ஷால்கே, திரும்ப மிலான், லாஸ் பால்மாஸ், ஃப்ராங்க்ஃபர்ட், சசுவோலோ, பார்சிலோனா, ஃபியோரென்டினா, பெசிக்டாஸ், மோன்சா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு 2021-இல் மறுபடி ஹெர்தாவுக்கே வந்து சேர்ந்தார். 2023-இல் ஓய்வு. ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி. டிக்கெட் பரிசோதகர்கூட இவ்வளவு ஊர் பார்த்திருக்க மாட்டார்.

புது அணிக்குப் போய் அடுத்த வாரமே அங்கே பத்து வருடம் இருந்தவர் மாதிரி ஆடுவது தனி வித்தை என்பது என் கட்சி. கோடிகளைக் கொட்டி வாங்கிய ஆள், செட் ஆக ஒரு சீசன் வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? போட்டெங் லாஸ் பால்மாஸுக்கு ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே வலென்சியா மைதானத்தில் கோல் போட்டார். ஃபியோரென்டினாவுக்கு முதல் லீக் ஆட்டம் நாப்போலியோடு, அதிலும் கோல். கானா சட்டையை முதன்முதலில் போட்டதே 2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்புதான், அந்த உலகக் கோப்பையிலேயே நாக் அவுட்டில் அமெரிக்காவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் பாதி மைதானத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இடது காலால் அடித்தாரே, மறந்துவிட்டதா?

ஆஃப்சைட்_அண்ணாச்சி:

தம்பி, வந்த வாரமே செட் ஆகிவிடுவார் என்று பட்டியல் போடும்போது டாட்டன்ஹாமை மட்டும் நைசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். 2007-இல் சுமார் 54 லட்சம் பவுண்டு கொடுத்து இருபது வயதுப் பையனை வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் லீக்கில் 14 ஆட்டம். ராத்திரி கிளப், பார்ட்டி. ஒரே நாளில் மூன்று கார் வாங்கினேன், ஒரு லம்போர்கினி, ஒரு ஹம்மர், ஒரு காடிலாக் என்று பிறகு அவரே பேட்டி கொடுத்திருக்கிறார். ஆட வாய்ப்பில்லாத வருத்தத்தைக் காரில் தீர்த்துக்கொண்டாராம். நமக்கு வருத்தம் வந்தால் டீக்கடை, அவருக்கு ஷோரூம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர் எங்கே போனாலும் விருந்தாளிதான். முதல் ஆறு மாதம் மாப்பிள்ளை உபசாரம், அப்புறம் கோச்சோடு உரசல், அப்புறம் பெட்டி படுக்கை. ஷால்கே 2015-இல் சஸ்பெண்ட் செய்து வெளியே அனுப்பியது. 2014 உலகக் கோப்பையில் கானாவே ஒழுங்கு நடவடிக்கை என்று போர்ச்சுகல் ஆட்டத்தன்று சக வீரர் முந்தாரியையும் இவரையும் வீட்டுக்கு அனுப்பியது. இதற்குப் பெயர் வித்தையா?

பெஞ்ச்_பாண்டி:

அண்ணாச்சி, அந்த உலகக் கோப்பையில் பாக்கி வைத்த போனஸைக் கொடுக்க கானா அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கும் மேல் ரொக்கமாக விமானத்தில் பிரேசிலுக்கு அனுப்பியது. அப்படி ஒரு முகாமில் யாருமே கோபப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்கப்பிள்ளை:

எல்லோரும் அவருடைய குணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கொஞ்சம் காசைப் பற்றியும் பேசுவோம், ஏனென்றால் இந்தப் பயணத்தில் பாதி அவர் கால் தீர்மானித்ததே இல்லை.

டார்ட்மண்ட்: 2009 ஜனவரியில் லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவல். கோச் க்ளாப் அங்கே வந்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை, ஆனால் அந்த டார்ட்மண்ட் திவாலின் விளிம்பிலிருந்து மீண்டு சில வருடமே ஆன கிளப், கல்லாவில் காசு இல்லை. சரி என்று திரும்பி வந்தவரை டாட்டன்ஹாம் போர்ட்ஸ்மவுத்துக்கு விற்றது.

போர்ட்ஸ்மவுத் கதை இன்னும் மோசம். ஒரே சீசனில் உரிமையாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் நான்கு பேர். சம்பளம் தேதிக்கு வரவில்லை. 2010 பிப்ரவரியில் கடனால் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது, பிரீமியர் லீக்கில் அப்படிப் போன முதல் கிளப் அதுதான். தண்டனையாக 9 புள்ளி வெட்டு, கடைசி இடம், கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். இந்த லட்சணத்தில் அதே அணி எஃப்ஏ கோப்பை இறுதிக்கும் போனது. அரையிறுதியில் யாரை அடித்தார்கள்? டாட்டன்ஹாமை, கூடுதல் நேரத்தில் 2-0. இரண்டாவது கோல் பெனால்டி, அடித்தவர் போட்டெங். இறுதியில் செல்சியிடம் தோற்றார்கள், ஆனாலும் சட்டப்படி யூரோப்பா லீக் (ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டி) இடம் கிடைத்திருக்கும், ஏனென்றால் வென்ற செல்சிக்கு ஏற்கனவே சாம்பியன்ஸ் லீக் இடம் இருந்தது. கடன்கார கிளப் என்று அதில் ஆட லைசென்ஸ் கிடைக்கவில்லை.

இப்படி மூழ்கிய கப்பலிலிருந்து இறங்கினவரை இத்தாலியின் ஜெனோவா கிளப் வாங்கி, அடுத்த மூச்சிலேயே மிலானுக்கு லோனில் கொடுத்தது. பிறகு மிலான் முதலில் பாதி உரிமை, அப்புறம் மீதி என்று தவணையில் வாங்கியது. ஒரு ஆட்டக்காரரை இரண்டு கிளப் ஆளுக்குப் பாதியாகச் சொந்தம் கொண்டாடும் முறை அப்போது இத்தாலியில் இருந்தது. கூட்டுப் பட்டா மாதிரி. 2014-இல்தான் அதை ஒழித்தார்கள்.

அதனால் 13 கிளப் என்றதும் 13 முறை கோபித்துக்கொண்டு கிளம்பினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சான்சீரோ_ரசிகன்:

ஜெனோவா பேச்சை எடுத்தீர்களே, அங்கேயிருந்துதான் எங்கள் கதை தொடங்குகிறது. 2010-11, மிலான் கோச்சாக அல்லெக்ரியின் முதல் வருடம். போட்டெங் ஓடி இடித்துப் பந்து பிடுங்கும் ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அல்லெக்ரி அவரைத் தூக்கி இரண்டு ஃபார்வேர்டுக்குப் பின்னால் போட்டார். அந்த இடத்தில் இத்தாலியர்கள் பொதுவாக நளினமாகப் பாஸ் கொடுக்கும் ஆட்களைத்தான் வைப்பார்கள், ருய் கோஸ்டா, காக்கா மாதிரி. இவர் அங்கே புல்டோசர் மாதிரி நின்றார். எதிரணியின் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேலே விழுந்துவிடுவார். இப்ராகிமோவிச் பந்தைத் தடுத்து நிறுத்துவார், பின்னாலிருந்து இவர் ஓடி வந்து பெனால்டி பெட்டிக்குள் நுழைவார். ஏழு வருடம் கழித்து மிலானுக்கு லீக் பட்டம். சான் சீரோவில் வெற்றி விழா, நடு மைதானத்தில் மைக்கேல் ஜாக்சன் வேடம் போட்டு மூன்வாக் ஆடினார், அதையும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடினார்.

அப்புறம் லெச்சே அணியோடு ஆட்டம். 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. முதல் பாதியில் 0-3. வீட்டில் துணி எடுக்கப் போகவேண்டும் என்று ஒரு மணி நேரமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். இனி என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டு தி.நகருக்குக் கிளம்பிவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு அல்லெக்ரி போட்டெங்கை இறக்குகிறார். 49-ஆவது நிமிடம், 55, 63. பதினான்கு நிமிடத்தில் மூன்று கோல், மாற்று வீரராக வந்து. 83-இல் யெபெஸ் தலையால் முட்டி 4-3. எனக்கு இதெல்லாம் தெரிந்தது ரங்கநாதன் தெரு நெரிசலில், கையில் நான்கு பையோடு, நண்பனின் எஸ்எம்எஸ்ஸில். விளையாடுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். இன்றுவரை எந்த ஆட்டத்தையும் இடைவேளையில் அணைப்பதில்லை.

ஆஃப்சைட்_அண்ணாச்சி:

நல்ல ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீடோர்ஃப் போன பிறகு 2012-இல் நட்சத்திர ஆட்டக்காரருக்கென்று இருக்கும் 10-ஆம் நம்பர் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆள் அந்த சீசனில் என்ன செய்தார்? பார்சிலோனாவுக்கு எதிராக ஒரு கோல், சரி. லீக்கில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்ராகிமோவிச் பாரிசுக்குப் போனதும் இவரும் பாதியாகிவிட்டார். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தால்தான் இவர் ஜொலிப்பார்.

சான்சீரோ_ரசிகன்:

அது ஓரளவுக்கு நியாயம்தான் அண்ணாச்சி. ஆனால் போகும்போதும் கணக்கை முடித்துவிட்டுத்தான் போனார். 2013 ஆகஸ்ட், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பிஎஸ்வியை 3-0 என்று அடித்தோம், இரண்டு கோல் இவருடையது. அடுத்த இரண்டு நாளில் ஷால்கேவுக்கு விற்றுவிட்டார்கள். அந்த ஆட்டம் கொண்டுவந்த பணம் ஒரு பக்கம், இவரை விற்ற பணம் இன்னொரு பக்கம்.

கோல்போஸ்ட்_அக்கா:

இவ்வளவு பேசியும் யாரும் புஸ்தோ அர்சீசியோ பக்கமே போகவில்லையே.

2013 ஜனவரி 3. அந்த ஊரின் ப்ரோ பாத்ரியா என்ற நான்காம் நிலை அணியோடு மிலானுக்கு நட்பு ஆட்டம். குட்டி மைதானம், ரசிகர்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஆரம்பத்திலிருந்தே மிலானின் கறுப்பின வீரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரு கூட்டம் குரங்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. 26-ஆவது நிமிடம், போட்டெங் பந்தைக் கையில் எடுத்தார், அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஓங்கி ஒரு உதை, சட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்து வெளியேறினார். எதிரணி ஆட்கள் வந்து தோளைப் பிடித்துச் சமாதானம் பேசுகிறார்கள், நிற்கவில்லை. பின்னாலேயே மொத்த மிலான் அணியும் வெளியே போனது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே போகும்போது மற்ற பக்கத்து ரசிகர்களுக்குக் கைதட்டிவிட்டுத்தான் போவார். எல்லோரும் அப்படி இல்லை என்று காட்டுகிற மாதிரி.

ஃபிஃபா தலைவர் பிளாட்டர் அப்போது என்ன சொன்னார் தெரியுமா? மைதானத்தை விட்டு ஓடுவது தீர்வு இல்லை என்றார். அதே ஃபிஃபா அப்புறம் இனவெறி எதிர்ப்புக் குழு அமைத்தது, மார்ச்சில் ஜெனீவாவில் ஐநா கூட்டத்தில் போட்டெங் போய்ப் பேசினார். 2016-இல் வேலை முடிந்தது என்று குழுவைக் கலைத்தார்கள். முடிந்ததா என்ன?

எனக்கு இவருடைய மூன்வாக்கும் தெரியாது, லம்போர்கினியும் வேண்டாம். அந்த ஒரு உதைக்காக இவரை எனக்குப் பிடிக்கும்.

பெஞ்ச்_பாண்டி:

அக்கா சொன்னதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லைக் பத்தாது.

பெர்லின்வாசி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வேலைக்காக பெர்லினில் ஒன்பது வருடம் இருந்தேன், முதல் வீடு வெடிங் பகுதிக்குப் பக்கத்தில். போட்டெங் வளர்ந்த இடம் அது. துருக்கிய, அரபு, ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி, என் காலத்தில் வாடகை குறைவு. அங்கே பாங்கே ஆற்றங்கரையில் ஒரு கால்பந்து இடம் உண்டு, எல்லோரும் கூண்டு என்பார்கள். சுற்றிலும் உயரமான கம்பி வேலி, புல் கிடையாது, விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். பந்து வெளியே போகவே போகாது, வேலியில் பட்டுத் திரும்பி வரும், அதனால் மூச்சு வாங்கவும் நேரம் கிடையாது. அங்கே ஆடிய பையன்களைப் பார்த்த பிறகுதான் போட்டெங் ஏன் உடம்பை முதலில் கொடுத்துப் பந்தைப் பிறகு எடுக்கிறார் என்று புரிந்தது.

மூன்று சகோதரர்கள். ஜார்ஜ் மூத்தவர், அவரும் கெவினும் வெடிங்கில். ஜெரோம் வேறு அம்மாவுக்குப் பிறந்தவர், நகரத்தின் வசதியான மேற்குப் பக்கத்தில் வளர்ந்து, ஆடுவதற்காக இந்தக் கூண்டுக்கு வருவார். பாங்க்ஸ்ட்ராசே சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் மூவரையும் பெரிதாக வரைந்து, கான்கிரீட்டில் வளர்ந்தவர்கள் என்று எழுதியிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போவேன்.

அந்தச் சுவர் 2010-இல் இருந்திருந்தால் யாராவது தார் பூசியிருப்பார்கள். எஃப்ஏ கோப்பை இறுதி, மே 15, முதல் பாதியில் செல்சிக்கு ஆடிய பல்லாக்கின் கணுக்காலில் விழுந்த போட்டெங்கின் டேக்கிள். பல்லாக் ஜெர்மனியின் கேப்டன், உலகக் கோப்பைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தசைநார் கிழிந்தது, உலகக் கோப்பை போனது, அதற்குப் பிறகு அவர் ஜெர்மனிக்கு ஆடவே இல்லை. இந்த ஊரில் பிறந்தவன், இப்போது கானாவுக்கு ஆடப் போகிறவன், வேண்டுமென்றே செய்தான் என்று நாடே கொதித்தது. அதற்குச் சற்று முன்பு பல்லாக் அவர் முகத்தில் தட்டிய காட்சியும் இருக்கிறது, அதை யாரும் திரும்பத் திரும்பப் போடவில்லை. ஜெரோமுக்கும் இவருக்கும்கூடப் பேச்சு நின்றுபோனது.

ஜூன் 23, ஜோகன்னஸ்பர்க். ஜெர்மனி சட்டையில் ஒருவர், கானா சட்டையில் ஒருவர். உலகக் கோப்பையில் சகோதரர்கள் எதிரெதிராக ஆடியது அதுவே முதல் முறை. ஓசில் கோலில் ஜெர்மனி 1-0. நான்கு வருடம் கழித்து ஃபோர்டலேசாவில் மறுபடியும், 2-2.

கணக்கப்பிள்ளை:

ஒரு சின்னச் சேர்க்கை. அவர் கானாவுக்கு ஆட முடிந்ததே 2009-இல் ஃபிஃபா விதியைத் தளர்த்தியதால்தான். ஜெர்மனியின் 21 வயதுக்குட்பட்ட அணி வரை ஆடிய ஆள். பழைய விதிப்படி 21 வயதைத் தாண்டினால் நாடு மாற முடியாது. அந்த வருடம் ஐரோப்பியப் பட்டம் வென்ற இளையோர் அணியில் நோயர், ஹும்மெல்ஸ், கெதிரா, ஓசில், ஜெரோம் எல்லோரும் இருந்தார்கள், இவர் இல்லை.

நடுக்களம்:

பெர்லின்வாசி சொன்ன கூண்டுக்கதை என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. தெரு ஆட்டத்தில் தினமும் வேறு வேறு அணி, வேறு வேறு இடம். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நிற்பார்கள். போட்டெங் கடைசிவரை அப்படித்தான் ஆடினார். அல்லெக்ரி ஃபார்வேர்டுக்குப் பின்னால் வைத்தார். லாஸ் பால்மாஸில் கோச் செத்தியென் முன்வரிசையிலேயே நிற்க வைத்தார், 2016-17 லீக்கில் 10 கோல், அதில் ஒன்று பெர்னபேயுவில் ரியால் மாட்ரிட்டோடு 3-3 ஆன ராத்திரி. சசுவோலோவில் டி ஸெர்பி, கோல் அடிப்பதைவிடக் கீழே இறங்கி வந்து பந்து வாங்கும் சென்டர் ஃபார்வேர்டாக வைத்தார்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் கோச் நிகோ கோவாச்சுக்கு அவர் பாதி மிட்ஃபீல்டர், பாதி உடை மாற்றும் அறையின் தலைவர். பல நாட்டு ஆட்கள் நிறைந்த அணி அது, அத்தனை மொழி பேசும் ஒருவர் உள்ளே இருப்பதே பாதி பலம். 2018 மே 19, ஜெர்மன் கோப்பை இறுதி, எதிரே பயர்ன் மியூனிக். கோவாச் அடுத்த சீசனுக்கு அதே பயர்னுக்குக் கோச்சாகப் போவது ஏற்கனவே முடிவாகியிருந்தது, அது வேறு கூத்து. 11-ஆவது நிமிடம் பயர்னின் ஹாமெஸ் ரோட்ரிகஸ் காலிலிருந்து போட்டெங் பந்தைப் பிடுங்கி சக வீரர் ரெபிச்சிடம் கொடுக்கிறார், கோல். ஆட்டத்துக்கு முன்பே ரெபிச் இவரிடம், சகோதரா நீ பந்தை நீளமாக அடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொல்லியிருந்தாராம். அதை இவர் பேட்டியில் சொல்ல, அந்த ஒரு வரி சட்டையில் அச்சடிக்கும் அளவுக்குப் பிரபலமானது. 3-1. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு கோப்பை, அதுவும் இவர் பிறந்த பெர்லினில்.

ஆஃப்சைட்_அண்ணாச்சி:

அந்த இறுதியில் 2-1 என்று இருக்கும்போது, 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தில், பெட்டிக்குள் பயர்னின் ஹாவி மார்ட்டினெஸ் காலில் உதைத்தது யார்? நடுவர் வீடியோவைப் பார்த்தும் பெனால்டி கொடுக்காமல் கார்னர்தான் கொடுத்தார். காலில் பட்டது உண்மைதான் என்று ஆட்டம் முடிந்ததும் இவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கார்னருக்கு பயர்ன் கோல்கீப்பரும் முன்னால் வர, ஃப்ராங்க்ஃபர்ட்டின் காசினோவிச் காலி கோலுக்கு ஓடி மூன்றாவதைப் போட்டார். கோப்பைக்கு நடுவருக்கும் பங்கு உண்டு.

நான் இவரை வெறுக்கவில்லை தம்பி. பெட்டியிலிருந்து பெட்டிவரை ஓடும் உடம்பு, இரண்டு காலிலும் அடி, தலையில் சரக்கு, எல்லாம் இருந்தது. ஒரே ஒரு க்ளாப்பின் கீழே ஐந்து வருடம் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார்? திறமைக்கு ஏற்ற மாதிரி ஆடவில்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவரே சொன்னதை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெஞ்ச்_பாண்டி:

பார்சிலோனா கதை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜனவரி. சசுவோலோவில் இருக்கிறார், வயது 31. பார்சிலோனாவுக்குப் போகிறோம் என்று தகவல் வந்ததும் இவர் கேட்டது, எஸ்பான்யோலுக்கா? அதே ஊரில் இருக்கும் இன்னொரு கிளப். மெஸ்ஸி அணி கூப்பிடும் என்று மனுஷன் கனவிலும் நினைக்கவில்லை. போனார், மொத்தம் நான்கு ஆட்டம், கோல் இல்லை, லீக் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் தாம்பூலப் பை வாங்கி வந்த மாதிரி.

பெர்லின்வாசி:

சிரித்துவிட்டேன். ஆனால் கடைசி ஊரையும் சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இருந்த காலம்.

34 வயதில் ஹெர்தாவுக்குத் திரும்பி வந்தபோது பெர்லினில் பெரிய நம்பிக்கை இல்லை. முழங்கால் தேய்ந்துபோன ஆள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதே கஷ்டம், ரிட்டயர்மென்ட் பிளான் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். அணியும் நாசமாகி 2022 மே மாதம் ஹாம்பர்கோடு இரண்டு ஆட்டத் தகுதிச் சுற்றில் வந்து நின்றது. தோற்றால் இரண்டாம் பிரிவு. பெர்லினில் நடந்த முதல் ஆட்டம் 0-1. ஹெர்தா கோச் ஃபெலிக்ஸ் மகாத், ஹாம்பர்குக்காக 1983 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் வெற்றி கோல் போட்டவர், அந்த ஊரிலேயே போய் அந்த அணியைத் தோற்கடிக்க வேண்டிய நிலைமை.

மே 23. போட்டெங் முதல் பதினொன்றில். ஓட்டம் அதிகம் இல்லை, நடுக்களத்தில் நின்றுகொண்டு கையைக் காட்டிக் காட்டி ஆட்களை நகர்த்துகிறார், கத்துகிறார், பந்து வந்தால் ஒரு தொடுதலில் கொடுத்துவிடுகிறார். நான்காவது நிமிடம் பொயாட்டா கோல், 63-இல் பிளாட்டன்ஹார்ட். 2-0, தப்பித்தார்கள். யாரை இறக்குவது என்று போட்டெங்கிடம் கலந்து பேசித்தான் முடிவு செய்தேன் என்று மகாத் அப்புறம் வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியில் மருந்துப்பந்தைத் தூக்க வைத்தே ஆட்களை அலறவிட்ட மகாத்!

அடுத்த வருடம் ஹெர்தா இறங்கியேவிட்டது, அது வேறு விஷயம்.

ஆஃப்சைட்_அண்ணாச்சி:

அந்த ஹாம்பர்க் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை. ஆமாம், தலைப்பில் 13 கிளப் என்று போட்டிருக்கிறீர்களே, ஜெனோவாவைச் சேர்த்தால் 14 வராதா?

கணக்கப்பிள்ளை:

ஜெனோவாவுக்கு அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை அண்ணாச்சி. பட்டா மட்டும் அவர்கள் பெயரில்.

பெஞ்ச்_பாண்டி:

வாங்கின வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 13-ஏ இருக்கட்டும்.